சமநிலை போன பிறகு ஏறிய மலை

வைத்தியசாலை நடைகூடத்தின் கடைசியில் ஒரு பெரிய ஜன்னல் இருந்தது. அங்கே போய் நின்றால் மலை தெரியும் என்று தாதி சொன்னார். பல வாரம் கட்டிலில் கிடந்தவள் நான். அன்று காய்ச்சல் இல்லை, கையில் ஊசிக்குழாயும் இல்லை. போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று எழுந்தேன்.

நாலைந்து அடி வைத்ததும் நடைகூடம் துள்ளத் தொடங்கியது. கூரையில் தொங்கிய பச்சை நிற வெளியேறும் வழிப் பலகை மேலும் கீழுமாக ஆடியது. எதிரே வந்தவரின் முகம் கலங்கியது. நான் நின்றேன், எல்லாம் நின்றது. மறுபடி நடந்தேன், மறுபடி துள்ளியது. ஓடிக்கொண்டே கைபேசியில் எடுத்த வீடியோவைப் பார்ப்பதுபோல இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குத் திரும்பினேன். மலையைப் பார்க்கவில்லை.

நெடுநாள் படுத்திருந்தால் கால் தளரும், போகப் போகச் சரியாகும் என்றார்கள். நானும் நம்பினேன்.

என் பெயர் வசந்தி. எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. துன் ஏரிக்கரையில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்பவளாகச் சேர்ந்து, அந்தப் பிரிவுக்கே பொறுப்பாளராக உயர்ந்திருந்தேன். என் கணவர் குகன் இன்னொரு ஹோட்டலின் குசினியில் தலைமைச் சமையல்காரர். மகள் மதுரா தலைநகர் பேர்னில் படித்துக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டு வந்த ஒரு காய்ச்சலைச் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று நினைத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நான், ஒருநாள் படுக்கை விரிப்பை உதறும்போதே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். பரிசோதித்தபோது எண்டோகார்டைட்டிஸ் (இதய வால்வில் கிருமி பற்றிக்கொள்வது) என்றார்கள்.

கிருமியைக் கொல்ல இரண்டு மருந்துகள் நரம்பு வழியாக ஏற்றினார்கள். அதில் ஒன்று ஜென்டமைசின். அது சிலருக்குச் சிறுநீரகத்தையோ உட்காதையோ பாதிக்கலாம் என்று வைத்தியர் முதலிலேயே சொன்னார். "இல்லாட்டி என்ன நடக்கும்?" என்று குகன் கேட்டார். வைத்தியர் என் இதயப் படத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அதைப் பார்த்த பிறகு நாங்கள் வேறு கேள்வி கேட்கவில்லை. அந்த மருந்து என் உயிரைக் காப்பாற்றியது. அதை இன்றைக்கும் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உண்மையில் என்ன குறைந்திருக்கிறது என்று தெரியத் தொடங்கியது.

தலைக்கு ஷாம்பு போட்டுக் கண்ணை மூடினேன். அடுத்த நொடி தோள் குளியலறைச் சுவரில் மோதியது. எந்தப் பக்கம் சரிந்தேன் என்றுகூடத் தெரியவில்லை. நிலவறையில் துணி துவைக்கும் அறைக்குப் போனேன். எங்கள் மாடிவீட்டில் நிலவறை வெளிச்சம் சிறிது நேரத்தில் தானாக அணைந்துவிடும். கையில் துணிக்கூடையோடு நின்றபோது அணைந்தது. இருட்டில் எனக்கு மேல் எது, கீழ் எது என்பதே இல்லாமல் போனது. கூடையைப் போட்டுவிட்டுச் சீமெந்துத் தரையில் அப்படியே உட்கார்ந்தேன். இரண்டு உள்ளங்கையையும் தரையில் அழுத்திக்கொண்டு, யாராவது வரும்வரை இருந்தேன்.

வெளியிலும் அதே நிலைதான். பகல் வெளிச்சத்தில்கூட கால்களை அகட்டி வைத்து, பக்கவாட்டில் தள்ளாடி நடந்தேன். ஒருநாள் குகன் தமிழ்க்கடைக்குப் போய்விட்டுச் சிவந்த முகத்தோடு வந்தார். சாமான் பையை மேசையில் போட்டார்.

"என்னப்பா, என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை."

"சொல்லுங்கோ."

"உம்மை ஆறே ஆத்துப் பாலத்தடியிலை யாரோ கண்டவையாம். அக்கா இப்ப குடிக்கத் தொடங்கிட்டாவோ எண்டு கேக்கினம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. இருபது வருடத்துக்கு மேலாக அந்த ஊரில் நிமிர்ந்து நடந்தவள் நான். அதன் பிறகு சில வாரம் நான் வீட்டைவிட்டு இறங்கவில்லை. இதை வாசிக்கிற உங்களுக்கும் இப்படி ஒரு காலம் வந்திருந்தால் சொல்கிறேன்: வீட்டில் இருந்த அந்த வாரங்களில்தான் என் உடல் மிக மோசமாகப் பின்னுக்குப் போனது.

இதய வைத்தியரிடம் போனபோது, நான் நடந்து வந்த விதத்தைப் பார்த்த உடனே அவர் என்னைக் காது வைத்தியரிடம் அனுப்பினார். காது வைத்தியர் ஒரு பெண். மெதுவாகக் கதைப்பவர். என் தலையை இரண்டு கையாலும் பிடித்து, "என் மூக்கைப் பாருங்கள்" என்று சொல்லிச் சட்டென்று ஒரு பக்கம் திருப்பினார். என் கண் அவர் மூக்கைத் தவறவிட்டு, பிறகு எட்டிப் பிடித்தது. மறுபக்கமும் அப்படியே.

அடுத்ததாக ஒரு கட்டிலில் சாய்த்து, காதுக்குள் குளிர்ந்த நீர் விட்டார்கள். பிறகு வெந்நீர். "இப்போது எல்லாம் சுழல்வதுபோல இருக்கும், பயப்படாதீர்கள்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். நான் கட்டிலின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். எதுவும் சுழலவில்லை. மற்றக் காதிலும் விட்டார்கள். அப்போதும் ஒன்றும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம். சோதனையில் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். தலைச்சுற்று வராதவளுக்கு என்ன நோய்?

வைத்தியர் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நல்ல காது உள்ள எவருக்கும் அந்தத் தண்ணீரில் உலகம் சுழன்றிருக்க வேண்டும் என்றார். எனக்குச் சுழலாததுதான் நோய். இருபக்க வெஸ்டிபுலோபதி (இரண்டு உட்காதிலும் உள்ள சமநிலை உறுப்புகள் செயலிழப்பது). என் உயிரைக் காத்த அந்த மருந்துதான் காரணம். கேட்கும் திறன் அப்படியே இருக்கும். ஆனால் தலை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்ற செய்தி மூளைக்குப் போகாது. நடக்கும்போது காட்சி துள்ளுவதற்கு ஒசிலொப்சியா (தலை அசையும்போது கண் ஒரு பொருளில் நிலைக்க முடியாமல் போவது) என்று பெயர்.

"இது திரும்பி வருமா?" என்று கேட்டேன்.

"அந்த உறுப்பு திரும்பி வராது," என்றார். பிறகு என் கையைத் தொட்டு, "ஆனால் மனிதர் நிற்பதற்கு மூன்று துணைகள் உண்டு. காது, கண், கால். உங்களிடம் இன்னும் இரண்டு இருக்கின்றன. அந்த இரண்டையும் பழக்கினால் நடப்பீர்கள்" என்றார்.

கூட வந்திருந்த குகன் ரயில் நிலையம்வரை என் கையை விடவில்லை. "ரெண்டு இருக்குத்தானே," என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

கொரினா என்ற இளம் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் போகத் தொடங்கினேன். சுவரில் ஒரு எழுத்தை ஒட்டி, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை இடமும் வலமும் திருப்பச் சொன்னார். கேட்க இலகு. முதல் வாரங்களில் வயிறு குமட்டி, வீட்டுக்கு வந்து சுருண்டு படுப்பேன். பிறகு மெத்தென்ற பஞ்சுப் பலகையில் நிற்கப் பழகினேன். அதன்மேல் கண்ணை மூடி நிற்கச் சொல்வார். விழுவேன். அவர் பிடிப்பார். திரும்ப ஏறுவேன். ஹோட்டலில் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு, ஒரு அறை சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய நான்தான் கற்றுக்கொடுத்தவள். அந்தப் பொறுமை எனக்குள் இருந்தது. அதை என் கால்களிடம் காட்டினேன்.

ஒருநாள் கொரினா பஞ்சுப் பலகையைச் சுருட்டி வைத்துவிட்டார். "இனி காட்டுக்குப் போங்கள். வேரும் கல்லும் உள்ள பாதைதான் உங்களுக்கு மருந்து. இரண்டு நடைக்கோல் வாங்குங்கள்."

நான் சிரித்தேன். இத்தனை வருடம் மலை நடைக்கு வந்த விருந்தினர்களின் சப்பாத்துச் சேற்றை விரிப்பிலிருந்து உரசி எடுத்தவள் நான். எந்த மலையில் எந்த நிறச் சேறு என்று எனக்குத் தெரியும். ஆனால் நடப்பதற்காக மட்டும் ஒரு பாதையில் போனதில்லை. எங்கள் ஆட்கள் வேலைக்கு நடப்பார்கள், கோயிலுக்கு நடப்பார்கள். சும்மா எதற்கு நடப்பது?

"ரெண்டு பொல்லோ?" என்று குகன் கேட்டார். "சனம் பாக்கப் போகுது."

"இப்ப மட்டும் பாக்கேல்லையோ?" என்றேன்.

வாங்கினோம். முதல்முதலாக ஏரிக்கரைப் பாதையில் அந்தக் கோல்களை ஊன்றி நடந்த காலையை நான் மறக்க மாட்டேன். நான் தள்ளாடிக்கொண்டுதான் நடந்தேன். ஆனால் எதிரே வந்த ஒவ்வொருவரும் என் கோல்களையும் சப்பாத்தையும் பார்த்து, "க்ரூயெஸெக்" என்று வணக்கம் சொல்லிக்கொண்டு போனார்கள். இந்த நாட்டில் கையில் இரண்டு கோல் இருந்தால் நீங்கள் நோயாளி அல்ல, மலை ஏறுபவர். அன்று என் முதுகு தானாக நிமிர்ந்தது.

அதன் பிறகு என் வாரங்கள் பாதைகளால் ஆனவை. முதலில் ஏரிக்கரையின் சமதளம். அடுத்தது ஊருக்கு மேலே உள்ள காடு. வேர்கள் குறுக்கே கிடக்கும் இடத்தில் கண் கீழே பார்க்க வேண்டும். கிளை தாழும் இடத்தில் மேலே பார்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்ய என்னால் முடியாது. நின்று பார்த்து, பிறகு நடந்து, பிறகு நின்று பார்ப்பேன். மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளை நடந்துகொண்டே வாசிக்க முடியாது, எழுத்து குதிக்கும். பக்கத்தில் போய் நின்று வாசிப்பேன். விழுந்தும் இருக்கிறேன். ஒருமுறை முழங்கை உரசி இரத்தம் வந்தது. அதைக் கழுவிவிட்டு, விழுந்த இடத்திலிருந்தே திரும்ப நடந்தேன்.

மெல்ல மெல்ல என் உள்ளங்கால் கதைக்கத் தொடங்கியது. இது ஈரக்கல், இது தளர்ந்த மண், இது வலப்பக்கம் சரிந்த புல் என்று எனக்கு முன்பே அது அறிந்தது. சப்பாத்துக்குள் இப்படி ஒரு அறிவு இத்தனை காலமும் பேசாமல் இருந்திருக்கிறது என்று வியப்பாக இருந்தது. ஹோட்டலில் எனக்கு வேறு வேலை ஒழுங்குசெய்து தந்தார்கள். குனிந்து நிமிரும் வேலை இல்லாமல், விரிப்புகளின் கணக்கும் ஆட்களின் நேர அட்டவணையும். அரைநாள் வேலை, மீதி நாள் நடை.

அடுத்த கோடையில் நீடர்ஹோர்ன் முகட்டில் நடக்க வேண்டும் என்று சொன்னேன். எங்கள் ஏரிக்கு மேலே, பெயாட்டன்பெர்க்கிலிருந்து கேபிள் காரில் ஏறிப் போகும் மலை அது. உச்சியிலிருந்து புர்க்ஃபெல்ட்ஸ்டாண்ட் என்ற அடுத்த சிகரம்வரை முகட்டோடு ஒரு பாதை போகிறது. மஞ்சள் குறியிட்ட இலகுவான பாதை அல்ல. வெள்ளை சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட மலைப்பாதை. ஒரு பக்கம் புல்வெளிச் சரிவு, மற்றப் பக்கம் பாறை செங்குத்தாக இறங்கும்.

குகன் கோபப்பட்டார். எங்கள் திருமண வாழ்க்கையில் அவர் சத்தம் போட்டது குறைவு.

"உமக்கு விசரோ? நான் உம்மை ஒருக்கா ஆஸ்பத்திரியிலை விட்டிட்டுத் தனிய வீட்டுக்கு வந்தனான். இன்னொருக்கா என்னாலை ஏலாது."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அந்த நோயில் அவரும் ஏதோ ஒன்றை இழந்திருக்கிறார் என்று. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீங்களும் வாங்கோ," என்றேன். "எனக்கு முன்னாலை நடவுங்கோ. கொரினாவையும் கேப்பம். அவ வேண்டாம் எண்டால் நான் போகேல்லை."

கொரினா வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல வானிலை பார்த்து, துணையோடு, முடியாவிட்டால் திரும்பும் மனதோடு போகச் சொன்னார்.

மதுராவும் வந்தாள். மேலே போனபோது வானம் தெளிவாக இருந்தது. ஏரிக்கு அப்பால் ஐகரும் மற்றப் பனிமலைகளும் வரிசையாக நின்றன. நான் கோல் ஊன்றி நின்று ஆசை தீரப் பார்த்தேன். பிறகு கண்ணைப் பாதைக்கு இறக்கி நடந்தேன். குகன் முன்னால், நான் நடுவில், மகள் பின்னால். என்னைத் தாண்டிப் பலர் போனார்கள். எனக்கு அவசரம் இல்லை.

முகட்டின் பெரும்பகுதியைக் கடந்த பிறகு, பாறைப் பக்கமிருந்து முகில் ஏறி வந்தது. அவ்வளவு வேகமாக ஏறும் என்று நாங்கள் நினைக்கவில்லை. பனிமலைகள் போயின, ஏரி போனது, அடுத்த சிகரம் போனது. எங்களைச் சுற்றி வெள்ளை மட்டும் இருந்தது.

மற்றவர்களுக்கு இது வெறும் முகில். எனக்கு அது நிலவறை வெளிச்சம் அணைந்ததற்குச் சமம். கண்ணால்தான் நான் நிற்கிறேன். அந்தக் கண்ணுக்குப் பிடிக்க ஒரு கோடும் இல்லை. உடல் எந்தப் பக்கமோ மிதப்பதுபோல இருந்தது. இரண்டு கோலையும் ஊன்றி, முழங்காலை மடித்து, அசையாமல் நின்றேன். 

"இருங்கோ, இருங்கோ!" குகன் கத்தினார். "ஒருத்தரும் அசையாதையுங்கோ. நான் உதவிக்கு ஃபோன் அடிக்கிறன்."

"அம்மா, என்ர கையைப் பிடியுங்கோ," என்றாள் மதுரா.

நான் கோல்களை விடவில்லை. கீழே பார்த்தேன். என் சப்பாத்து தெரிந்தது. அதன் கீழ் கல் தெரிந்தது. உள்ளங்கால் சொன்னது: பாதை இருக்கிறது, சற்று இடப்பக்கம் உயர்கிறது, கல் காய்ந்திருக்கிறது. நான் மூச்சை வெளியே விட்டேன்.

"ஃபோன் வேண்டாம்," என்றேன். "உங்கட சிவப்பு ஜக்கெட்டைப் போடுங்கோ. ரெண்டடி முன்னாலை நடவுங்கோ. எனக்கு அதைப் பாத்தாப் போதும்."

"கையைப் பிடிக்கட்டோ?"

"வேண்டாம். பிடிச்சா நீங்கள் இழுக்கிற பக்கம் நான் சரிவன்."

அவர் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு நடந்தார். வெள்ளைக்குள் அந்தச் சிவப்பு நிமிர்ந்து தெரிந்தது. என் கண் அதைப் பிடித்தது. கோல், கால், கோல், கால். துள்ளியது, துள்ளட்டும் என்று விட்டேன். அவர் ஒவ்வொரு அடிக்கும் திரும்பி என்னைப் பார்த்தார். அப்படிப் பார்த்துக்கொண்டே ஒரு ஈரப்பாறையில் கால் வைத்து, சறுக்கி, சேற்றில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"முன்னுக்குப் பாத்து நடவுங்கோ," என்றேன். "நான் விழமாட்டன்."

மதுரா முதலில் சிரித்தாள். பிறகு குகன் சேற்றில் இருந்தபடியே சிரித்தார். நான் சிரித்தால் தடுமாறுவேன் என்று கோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தச் சத்தத்துக்கு எங்களுக்குப் பக்கத்தில், கையெட்டும் தூரத்தில் என்று சொல்லலாம், ஏதோ எழுந்தது. காட்டாடு. வளைந்த பெரிய கொம்பு, ஈரமான மயிர். எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாறை விளிம்பு இருந்த திசையில் வெள்ளைக்குள் இறங்கிப் போனது. 

கொஞ்ச நேரத்தில் கோல் ஒரு மரக்கம்பத்தில் தட்டியது. அண்ணாந்து பார்த்தேன். புர்க்ஃபெல்ட்ஸ்டாண்ட் என்று எழுதியிருந்தது. எழுத்து அசையவில்லை, நான் நின்றிருந்தேன்.

காட்சி ஒன்றும் கிடைக்கவில்லை. அன்று மதுரா எடுத்த படத்தில் வெள்ளைக்கு முன்னால் நானும், இடுப்புவரை சேறான ஒரு மனிதரும் நிற்கிறோம். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் திருமணப் படத்தில்கூட அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. முகில் சற்று மெலிந்ததும் வந்த வழியே திரும்பினோம். கேபிள் கார் நிலையத்தில் யாரோ ஒருவர் மேலே எப்படி இருந்தது என்று கேட்டபோது, நான் வாய் திறக்கும் முன் குகன் ஜெர்மன் மொழியில் சொன்னார்: "என் மனைவிக்குச் சமநிலைக் காது இரண்டும் இல்லை. அவதான் எங்களைக் கூட்டிக்கொண்டு போனவ." கேட்டவருக்கு விளங்கியதோ தெரியாது. மரியாதையாகத் தொப்பியைத் தொட்டுக்கொண்டு போனார்.

இலையுதிர் காலத்தில் காது வைத்தியரிடம் போனேன். திரும்பவும் தண்ணீர் விட்டார்கள். திரும்பவும் ஒன்றும் சுழலவில்லை. இந்த முறை நான் சந்தோசப்படவும் இல்லை, உடையவும் இல்லை. பிறகு வைத்தியர் வெளியே நடைகூடத்தில் என்னை நடக்கச் சொன்னார். நேராக நடந்து, திரும்பி வந்தேன். அவர் கணினியில் இருந்த முடிவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி முடிவைப் பார்த்தார். "வேறு நோயாளிகளோடு கதைப்பீர்களா?" என்று கேட்டார்.

ஓம் என்றேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்கும் இது வந்திருந்தால், குளியலறையிலும் படியிலும் வெளிச்சத்தை விட்டுவையுங்கள். தண்ணீரில் தனியே நீந்தாதீர்கள்; கண்ணை மூடினால் மேற்பரப்பு எந்தப் பக்கம் என்று தெரியாது. யாராவது குடிபோதை என்று நினைத்தால், உங்கள் நோயின் பெயரை நிமிர்ந்து சொல்லுங்கள். களைப்பு வரும், அது சோம்பல் அல்ல, மற்றவர்களின் காது சும்மா செய்யும் வேலையை நீங்கள் முழு மூளையாலும் செய்வதால் வருவது. வீட்டுக்குள் மட்டும் இருக்காதீர்கள்.

என் காது திரும்பி வரவில்லை. நான் முன்பிருந்தவளும் இல்லை. அந்த வசந்தி எப்போதும் நடந்துகொண்டே பார்ப்பாள், பார்த்துக்கொண்டே அடுத்த வேலையை நினைப்பாள். எனக்கு அது முடியாது. ஒரு பூவைப் பார்க்க வேண்டுமென்றால் நிற்க வேண்டும். ஒருவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றாலும் நிற்க வேண்டும். நிற்பதை நான் முன்பு நேர விரயம் என்று எண்ணியிருந்தேன். இப்போது என் நாளில் பாதி நிற்பதுதான். நாள் சுருங்கியதாகத் தோன்றவில்லை.

சென்ற வாரம் ஏரிக்கரை ஊரான சீக்ரிஸ்வில்லுக்கு மேலே உள்ள ஏற்றத்தில் ஒரு வயதான தம்பதி என்னைத் தாண்டிப் போனார்கள். அந்த அம்மா திரும்பி, ஆறுதலாகச் சொன்னார்: "இன்னும் கொஞ்சத் தூரம்தான், கெதியாகப் போய்விடலாம்."

நன்றி சொன்னேன். அவர்கள் வளைவில் மறையும்வரை காத்திருந்தேன். பிறகு இரண்டு கோலையும் மண்ணில் ஊன்றி, கீழே கிடந்த ஏரியை ஒரு கரையிலிருந்து மறு கரைவரை, அசையாமல், முழுதாகப் பார்த்தேன். பார்த்து முடித்த பிறகு நடந்தேன்.